பத்துச் செடியா இருக்கும்போதே பிடுங்கிடுவோம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் சுற்றுச்சூழல் துணைக்குழு உறுப்பினர்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, தணிக்கை எல்லாம் பேசி முடிச்சு, சாப்பாட்டு வாசம் வரும் நேரத்தில்தான் எங்க கைக்கு மைக் வந்திருக்கு. பரவாயில்லை. நாங்க பேச வந்ததும் ஒரு வகையில் வட்டிக் கணக்குதான்.

பார்த்தீனியம் எல்லாருக்கும் தெரியும். கேரட் இலை மாதிரி இலை, உச்சியில் வெள்ளை வெள்ளையாகப் பூ. அது முளைச்சு ஒரு மாசம், ஒன்றரை மாசத்தில் பூத்துவிடும். ஒரே செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். அத்தனையும் முளைக்காது, சரி. பத்தாயிரத்தில் பத்தே பத்து மட்டும் பிழைக்குதுன்னு வச்சுக்குவோம். அடுத்த முறை பத்துச் செடி. அதுக்கு அடுத்த முறை நூறு. அப்புறம் ஆயிரம். அப்புறம் பத்தாயிரம். மழை நல்லா இருந்தால் ஒரே வருஷத்தில் ரெண்டு மூணு தலைமுறை வந்துவிடும். மீட்டர் வட்டிக்காரர் கூட இப்படி வாங்க மாட்டார்! முதல் செடியைப் பிடுங்க ஒரு ஆள் ஒரு நிமிஷம் குனிஞ்சால் போதும். பத்தாயிரத்தைப் பிடுங்க எத்தனை ஆள், எத்தனை நாள், யார் கூலி கொடுப்பார்கள்? அதற்குள் நிலத்தில் விதை வேறு கிடக்கும். இந்த வருஷம் சுத்தம் செய்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும்.

இந்த நாலஞ்சு செடிகளும் நம்ம மண்ணில் பிறந்தவை இல்லை. எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பக்கம் இருந்து வந்தவை. அங்கே அதைத் தின்கிற பூச்சி, அதை அடக்குகிற நோய் எல்லாம் இருக்கு. இங்கே அதெல்லாம் இல்லை. ஆடு மாடும் இலையைப் பெரும்பாலும் தொடுவதில்லை. கேட்பார் இல்லாமல் பரவுது.

உண்ணிச்செடியைப் பாருங்க. வெள்ளைக்காரன் காலத்தில், 1800-களின் தொடக்கத்தில், பூ அழகாக இருக்கேன்னு கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. வேலிக்கு நட்டார்கள், பங்களாவுக்கு நட்டார்கள். பழத்தைக் குருவி தின்னு காட்டில் போட்டது. இன்றைக்கு நம்ம மலைக்காட்டில் புல் இருந்த இடமெல்லாம் அதுதான். ஆடு மாடு பசியில் அதைத் தின்றால் ஈரல் கெட்டு, வெயிலில் நின்றாலே தோல் வெந்த மாதிரி ஆகிவிடுகிறது. மாடு வைத்திருக்கும் நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சீமைக்கருவேலம் 1877-ல் மதராஸ் மாகாணத்துக்கு வந்தது. 1950-களுக்கு அப்புறம் விறகுக்கும் வேலிக்கும்னு ஊர் ஊராக விதை தூவினார்கள். அப்போ அது உதவிதான் செஞ்சது, இல்லைன்னு சொல்ல முடியாது. இராமநாதபுரம் பக்கம் இன்றைக்கும் அதன் கரிமூட்டத்தில்தான் பல குடும்பங்கள் கஞ்சி குடிக்குது. ஆனால் கண்மாய்க்குள்ளும் வரத்து வாய்க்காலுக்குள்ளும் அது போனபிறகு வெளியே எடுக்க முடியவில்லை. உயர்நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போனது, 2017-ல் ஊர் ஊராக ஜே.சி.பி. வைத்துத் தோண்டினார்கள். தோண்டின பல இடத்தில் மறுபடி முளைச்சு நிற்குது.

பார்த்தீனியம் 1955-56 வாக்கில் புனே பக்கம் பெருசாகக் கண்ணில் பட்டது. வெளிநாட்டுக் கோதுமையோடு விதை வந்திருக்கும் என்கிறார்கள். அங்கிருந்து நம்ம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர எத்தனை வருஷம் ஆச்சுன்னு மூத்த அம்மாக்கள்தான் சொல்லணும்.

மூத்தவங்களுக்கு இன்னொரு கதையும் தெரிஞ்சிருக்கலாம், அவங்க பாட்டி சொல்லியிருப்பாங்க. ஒரு காலத்தில் சப்பாத்திக்கள்ளி தென்னாட்டில் நிலம் நிலமாக மூடிக் கிடந்தது. 1926-ல் இலங்கையில் இருந்து ஒரு சின்னப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். பஞ்சு மாதிரி வெள்ளையாகக் கள்ளியில் ஒட்டிக்கிட்டு சாற்றை உறிஞ்சும். சில வருஷத்தில் கள்ளி சாய்ஞ்சது. அதனால் எல்லாச் செடிக்கும் ஒரு பூச்சி வரும்னு நாம காத்திருக்க முடியாதுங்க. உண்ணிச்செடிக்கு 1921-ல் இருந்தே பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்திருக்கிறார்கள். உண்ணிச்செடி அப்படியேதான் நிற்குது. பார்த்தீனியத்துக்கு மெக்சிகோ வண்டை 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் இலையை நல்லாத்தான் தின்னுது, ஆனால் பூண்டோடு ஒழிக்கவில்லை.

பழைய செடிகளை விட்டுவிட்டு இப்போ புதுச் செடிக்கு வருவோம். நாங்க இன்றைக்கு முக்கியமாகப் பேச வந்ததும் இதைத்தான்.

மஞ்சக்கொன்னைன்னு ஒரு மரம். அதிகாரிகள் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்று சொல்வார்கள். பூத்து நின்னால் போட்டோ எடுக்கிற அழகு. பக்கத்து வயநாட்டில் 1980-களில் நிழலுக்கும் அழகுக்கும் நட்ட மரங்களில் இருந்துதான் பரவ ஆரம்பிச்சது. இன்றைக்கு அந்தச் சரணாலயத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் அதுதான் நிற்குது. நம்ம பக்கம் முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் வந்துவிட்டது. முதுமலையில் அந்த மரத்தை எடுக்கக் காகித ஆலைக்கே அனுமதி கொடுக்கும் நிலை வந்தது. 2022-ல் நம்ம மாநில அரசு அந்நியச் செடிகளை அகற்றிக் காட்டை மீட்கத் தனிக் கொள்கையே வெளியிட்டது. இந்தச் செடிகளுக்காக அரசாங்கம் கொள்கை போட வேண்டிய அளவுக்கு விட்டிருக்கிறோம்னா பார்த்துக்குங்க.

மஞ்சக்கொன்னை அடியில் புல் சரியாக வளராது. புல் இல்லாத காட்டில் மானுக்கு என்ன இருக்கு, யானைக்கு என்ன இருக்கு? யானை நம்ம ராகிக் காட்டுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் வருவதற்கு இது ஒண்ணுதான் காரணம்னு நாங்க சொல்ல வரலை. பல காரணம் இருக்கு. ஆனா உள்ளே தீனி குறைஞ்சால் வெளியே வரும் என்பது மாடு வளர்க்கிற எவருக்கும் புரியும்.

போன மாசம் எங்க துணைக்குழுவில் ஏழு பேர் ஊருக்கும் காப்புக்காட்டுக்கும் நடுவில் ஓடுகிற ஓடைக்கரையை ஒரு காலைப்பொழுது நடந்து பார்த்தோம். பாலத்தில் இருந்து தடுப்பணை வரைக்கும் மஞ்சக்கொன்னைக் கன்று முப்பத்தோரு எண்ணினோம். பெரும்பாலும் இடுப்பு உயரம்கூட இல்லை. ஆளை விட உயரமாக இருந்தது நாலுதான். எங்கிருந்து வந்ததுன்னு மேலே பார்த்தால், பஸ் நிறுத்தத்தில் நிழலுக்கு நிற்கிற ரெண்டு பெரிய மரம். காய் வெடிச்சு விதை சாக்கடையில் விழுந்து, மழைத்தண்ணியில் ஓடைக்கு வந்திருக்கு. ஓடை எங்கே போகுது? காட்டு ஓரமாகத்தான் போகுது. முப்பத்தொண்ணு என்பது இப்போ கைக்கு அடங்குகிற கணக்கு. அஞ்சு வருஷம் கழிச்சு அந்தக் கன்றுகளே காய்க்க ஆரம்பிச்சால் எண்ணுவதற்கே ஆள் வேணும்.

நமக்கு ஒரு பயமும் இருக்கு. கொன்னைன்னு சொன்னதும் யாராவது நம்ம சரக்கொன்றையை வெட்டிவிடக் கூடாது! அது நம்ம மண்ணின் மரம், மருந்து மரம். வித்தியாசம் கேட்டுக்குங்க. சரக்கொன்றைக்குப் பூ சரம் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும், சித்திரை வெயிலில் பூக்கும், இலை அகலமாக இருக்கும். மஞ்சக்கொன்னைக்குப் பூங்கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும், மழைக்கு அப்புறம் பூக்கும். ஒரு காம்பில் சின்னச் சின்ன இலை நிறைய ஜோடி இருக்கும். ஆவாரை மரமே கிடையாது, புதர்தான். காய் தட்டையாக இருக்கும். அதே மாதிரி நாட்டுக் கருவேலத்தையும் சீமைக்கருவேலத்தையும் குழப்பிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் பிடுங்காதீங்க. ஒரு கிளையை ஒடிச்சு கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க, நாலு பேர் பார்த்துச் சொல்லலாம்.

பிடுங்குவதிலும் முறை இருக்கு. மஞ்சக்கொன்னையை வெட்டினால் போச்சு. ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டு துளிர்க்கும். சீமைக்கருவேலமும் அப்படித்தான். மழை பெய்து மண் இளகி இருக்கும்போது கன்றை வேரோடு இழுக்கணும். வரலைன்னா கடப்பாரை வச்சு நெம்பணும். உண்ணிச்செடிக்கு மண்ணுக்குக் கீழே மூணு நாலு விரல்கடை ஆழத்தில் ஆணிவேரை வெட்டித் தூக்கி, வேர் மேலே பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்துப் போடணும். மண்ணில் பட்ட தண்டு மறுபடி வேர் விடும். பெரிய மரங்களுக்குப் பட்டையை அடியில் இருந்து சுற்றிலும் உரிச்சுக் காயவிடுகிற முறை இருக்கு. அதை வனத்துறை ஆட்கள் பார்த்துக்கட்டும், நாம மேலே ஏற வேண்டாம்.

பார்த்தீனியத்தைப் பூக்கிறதுக்கு முன்னால் பிடுங்கணும். கையில் உறை இல்லைன்னா பாலிதீன் கவராவது மாட்டிக்கணும். மூக்கில் துணி கட்டணும். முழுக்கை சட்டை போட்டுக்கணும். இளைப்பு உள்ளவங்க, தோலில் ஏற்கனவே அரிப்பு வந்தவங்க, பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவே கூடாது. வராமல் இருப்பதற்கு யாரும் அபராதம் போடக் கூடாதுன்னு இப்பவே சொல்லிடறோம். பூக்காத செடியை மட்டும் குழியில் போட்டு மட்க வைக்கலாம். பூத்ததைக் குப்பைக்குழியில் போட்டால் நம்ம கையாலேயே வயலுக்கு விதைச்ச மாதிரி ஆகிவிடும்.

பிடுங்கிய இடத்தை வெறும் மண்ணாக விட்டால் காலி வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வருகிற மாதிரி மறுபடி அதுவே வரும். ஆவாரை, தகரை, துத்தி விதையைத் தூவி விடுங்க. அடர்த்தியாக வளர்ந்து பார்த்தீனியத்தை எழும்ப விடாது. ஆவாரம்பூ விலைக்கும் போகும். ஓடைக்கரைக்குப் புங்கன், நீர்மருது, நாவல் வைக்கலாம்.

இப்போ எதிர்ப்புக்கு வருவோம். போன கூட்டத்தில் கேட்ட கேள்விகளை எழுதி வச்சிருக்கோம்.

ஒண்ணு, ஆடு வைத்திருக்கும் அக்காமார் கேட்டது. வறட்சியில் சீமைக்கருவேலங்காய்தான் எங்க ஆட்டைக் காப்பாத்துது, அதையும் ஒழிக்கச் சொல்றீங்களான்னு. நியாயமான கேள்வி. ஏற்கனவே நிற்கிற மரத்தைப் பத்தி இன்றைக்கு நாங்க எதுவும் சொல்லலை. புதுசாக முளைப்பதைப் பத்தித்தான் பேசறோம். காயை ஆடு முழுசாகத் தின்னால் விதை புழுக்கையில் அப்படியே வெளியே வந்து, அந்த இடத்தில் நல்லா முளைக்கும். விதையும் நொறுங்குகிற மாதிரி அரைச்சுக் கொடுத்தால் ஆட்டுக்குத் தீனியும் ஆச்சு, முளைக்கவும் செய்யாது. வெளியூர்க் கிடை போட்ட வயலில் முதல் மழைக்கே நடந்து பார்த்துவிடணும்.

ரெண்டாவது, உண்ணிக்குச்சியில் கூடை, நாற்காலி செய்து காசு பார்க்கிறார்களே, நாமும் பார்க்கலாமே என்பது. நல்ல யோசனை. கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் உண்ணிக்குச்சியில் ஆளுயரத்துக்கு மேல் யானை பொம்மைகளே செய்தார்கள். அவை 2021-ல் லண்டன் பூங்காக்களில் கண்காட்சிக்கு நின்றன. மலையில் கிடக்கிறது போதும் போதும்கிற அளவுக்குக் கிடக்குது. முறையாக அனுமதி வாங்கி நம்ம குழுக்களும் செய்து பார்க்கலாம். ஆனால் நாளைக்குக் கூடைக்கு ஆகும்னு வீட்டு வேலியில் முளைச்ச கன்றை விட்டு வைக்கிறேன்னு யாராவது சொன்னால் நாங்க ஒத்துக்க மாட்டோம்.

மூணாவதுதான் சிக்கலானது. பஸ் நிறுத்தத்து ரெண்டு மரம். அதன் நிழலில் நம்ம குழுப் பெண்கள் நாலு பேர் காய்கறியும் பூவும் விற்கிறாங்க. பங்குனி, சித்திரை வெயிலில் அந்த நிழல் இல்லைன்னா மத்தியானத்தில் கூடையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒருநாள் வியாபாரம் போனால் அவங்க தவணை நிற்கும். தவணை நின்னால் குழுவுக்கும் கஷ்டம். காட்டைக் காப்பாத்தறோம்னு சொல்லி நாலு பேர் பிழைப்பில் கை வைக்கிறதான்னு எங்க துணைக்குழுவிலேயே சத்தமாகத்தான் பேச்சு நடந்தது. ரெண்டு பேர் அன்றைக்கே வெட்டணும்னாங்க. ரெண்டு பேர் தொடவே கூடாதுன்னாங்க.

கடைசியில் வந்த யோசனை இது. இந்த மழைக்கே அந்த இடத்தில் வேம்பு ரெண்டு, புங்கன் ரெண்டு நட்டுக் கூண்டு வைக்கிறது. தண்ணி ஊற்றுவது அங்கே விற்கிறவங்க பொறுப்பு, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. புங்கன் நாலஞ்சு வருஷத்தில் நிழல் தந்துவிடும். அதுவரைக்கும் வருஷா வருஷம் மஞ்சக்கொன்னை பூத்து முடிச்சு காய் முற்றுகிறதுக்கு முன்னால் கொக்கித் துரட்டியால் பூங்கொத்தையும் பிஞ்சையும் அறுத்துப் போடணும். ஒரு வருஷம் விட்டாலும் கணக்கு தப்பிவிடும். புது நிழல் வந்ததும் ஊராட்சியிடம் சொல்லிப் பெரிய மரத்தை எடுத்துடலாம். சாலையோர மரம் என்பதால் நாமளாக வெட்ட முடியாது. இது எல்லாருக்கும் திருப்தியான வழின்னு சொல்ல முடியாது. அஞ்சு வருஷம் துரட்டி பிடிக்க யார் இருக்காங்க என்பதுதான் எங்களுக்கும் கவலை.

காப்புக்காட்டுக்குள் யாரும் அரிவாளோடு போகக் கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு செடியைக் கூட வெட்டக் கூடாது. நல்லது செய்யப் போய் வழக்கு வாங்கிட்டு வர வேண்டாம். யானை நடமாட்டமும் இருக்கு. எல்லைக்கு வெளியே ஓடைக்கரை, மேய்ச்சல் புறம்போக்கு, பள்ளிக்கூட மைதானம், குளத்துக்கரை, நம்ம வேலி, இவ்வளவுதான் நம்ம வேலை. உள்ளே கன்று கண்ணில் பட்டால் இடத்தைக் குறிச்சு வனக்காப்பாளரிடம் சொல்லணும். தீ வைக்கிற பேச்சே கூடாது.

இன்னொரு வழியிலும் செடி வரும். வீட்டுக்கு அழகுன்னு தொட்டியில் ஆகாயத்தாமரை வச்சிருந்துட்டு, கூடிப்போச்சுன்னு குளத்தில் வீசுகிறோம். ரெண்டு வாரத்தில் ரெண்டு பங்கு ஆகிற செடி அது. வீடு கட்ட வருகிற மண் லோடு, கிராவல், ஜே.சி.பி. சக்கரம், இதில் எல்லாம் விதை வருது. மண் கொட்டிய இடத்தை முதல் ரெண்டு மழைக்குப் பிறகு ஒருதரம் பார்த்தால் போதும். கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ யாராவது மரக்கன்று நன்கொடை கொடுத்தால் என்ன கன்றுன்னு கேட்டு வாங்குவோம்.

இதெல்லாம் நம்ம ஊர்ப் பெண்களால் ஆகுமான்னு கேட்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். தென்னாப்பிரிக்காவில் 1995-ல் ஒரு அரசுத் திட்டம் தொடங்கினார்கள். ஆற்றோரம் வளர்ந்து தண்ணியைக் குடிக்கிற அந்நிய மரங்களை அகற்றும் வேலை. ஏழைகளுக்குக் கூலி கொடுத்துச் செய்தார்கள், அதில் பாதிக்கு மேல் பெண்களுக்குத் தரணும்னு இலக்கும் வச்சார்கள். உலக நாடுகள் சேர்ந்து அமைத்த அறிவியல் குழு 2023-ல் ஒரு அறிக்கை விட்டது. கெடுதல் செய்கிற அந்நிய உயிரினங்கள் 3,500-க்கும் மேல் இருக்குன்னும், வராமல் தடுப்பதும் வந்ததும் கண்டுபிடிச்சு எடுப்பதும்தான் மற்ற எல்லா வழியையும் விடச் செலவு குறைவுன்னும் சொல்லுது. பிடுங்க லட்ச ரூபாய் எந்திரம் தேவைப்படும் வேலையை, நாம மாடு மேய்க்கப் போகும்போதே முடிக்கலாம். எந்த மேட்டில் புதுசாக ஒரு செடி முளைச்சிருக்குன்னு முதலில் பார்ப்பது நாமதானே. விறகுக்குப் போறதும் தண்ணிக்குப் போறதும் புல் அறுக்கப் போறதும் நாமதான்.

அதனால் கூட்டமைப்பிடம் நாங்க கேட்கிறது இவ்வளவுதான். ஒவ்வொரு குழுவும் தங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தை எடுத்துக்கணும். மாசக் கூட்டத்தன்றைக்கு, சந்தா வாங்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் அந்த இடத்தை நடந்து பார்க்கணும். என்ன செடி, எத்தனை, பிடுங்கியாச்சா என்பதைத் தீர்மான நோட்டிலேயே ஒரு வரி எழுதினால் போதும், தனி நோட்டு வேண்டாம். பிடுங்கிய இடத்தையே மறுபடி மறுபடி பார்க்கணும், குறைஞ்சது அஞ்சு வருஷம். விதை மண்ணுக்குள் தூங்கிக்கிட்டு இருக்கும். மேய்ச்சல் புறம்போக்குக்குப் பெரிய வேலை தேவைப்பட்டால் அடுத்த கிராம சபையில் மனு வைக்கலாம், மாதிரி மனு எங்களிடம் இருக்கு.

ஓடைக்கரை முப்பத்தோரு கன்றை எடுக்க வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாலத்தில் கூடுகிறோம். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் வேலைன்னு வனக்காப்பாளரிடமும் சொல்லியாச்சு. கடப்பாரை நாலு இருக்கு, இன்னும் ரெண்டு வேணும். வெயில் ஏறுவதற்குள் முடிச்சுடலாம். ராகிக் கூழ் நாங்க கொண்டு வர்றோம், மோர் மிளகாயும் ஊறுகாயும் முடிஞ்சவங்க கொண்டு வாங்க. பஸ் நிறுத்தத்து மரத்துக்குத் துரட்டி பிடிக்க முதல் வருஷத்துக்கு யார் பெயர் கொடுக்கிறீங்கன்னு சாப்பாட்டுக்கு எழுந்திரிக்கறதுக்கு முன்னால் கையைத் தூக்கிச் சொல்லிடுங்க, எழுதிக்கிறோம்.